தேதியைப் பின்னால் தள்ளும் வீடு

என் அக்கா வீட்டில் விடிந்ததும் நடக்கிற முதல் காரியம், கம்ப்யூட்டரில் தேதியைப் பின்னால் தள்ளுவது. அக்கா அடுப்பில் டீ வைப்பாள். மாமா, அதாவது அவள் வீட்டுக்காரர், முன்னறைக்குப் போய்க் கம்ப்யூட்டரைப் போடுவார். அது கண் விழிக்கிறதற்குள் பல் தேய்த்து முகம் கழுவிவிடலாம். பிறகு திரை மூலையில் இருக்கிற தேதியை அமுக்கி, பழைய நாளுக்கு இழுத்து விட்டு, "ம்... ஆச்சு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார். அதற்கப்புறம்தான் டீ. வெளியாள் பார்த்தால் கிறுக்குப் பிடித்த குடும்பம் என்று நினைத்துக்கொள்வான்.

காரணம் இருக்கிறது. அக்காவுக்குத் தொழில் எம்பிராய்டரி. கம்பெனிச் சட்டை, ஓட்டல் ஏப்ரன், ஆஸ்பத்திரிக் கோட்டு, இதிலெல்லாம் நெஞ்சுப் பக்கம் பெயர் தைத்துக் கொடுப்பாள். சின்ன வயசில் ஒரு சட்டைக் கம்பெனியில் பட்டன் தைக்கப் போனவள். கம்பெனி இழுத்து மூடியபோது, உள்ளே தூசி படிந்து கிடந்த எம்பிராய்டரி மிஷினை யாரும் வேண்டாம் என்றார்கள். அக்கா கேட்டு வாங்கினாள். அதைத் தூக்கி வந்து முன்னறையில் இறக்கியது நானும் என் பட்டறை ஆட்களும்தான். நான் லாரிக்கு பாடி கட்டுகிறவன். ஆனாலும் அன்றைக்கு என் இடுப்பு போனது, இன்னும் திரும்பி வரவில்லை.

முதலில் அந்த மிஷினோடு கம்ப்யூட்டர் கிடையாது. மிஷினிலேயே ஒரு குட்டித் திரை, நாலு பட்டன், உள்ளேயே ஒரே ஒரு எழுத்து வகை. அதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அமுக்கித் தைக்க வேண்டும். எழுத்தும் அழகில்லை. "பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்குடா" என்பாள். பிறகு ஒரு கடைக்காரர் கம்ப்யூட்டரும் எம்பிராய்டரி புரோகிராமும் கொண்டுவந்து மாட்டினார். வளைந்த எழுத்து, சாய்ந்த எழுத்து, பூப்போட்ட எழுத்து என்று அக்கா குழந்தை மாதிரி குதித்தாள். "இது தற்காலிகம்க்கா, நிரந்தர லைசென்ஸ் அடுத்த மாசம் போட்டுத் தரேன்" என்று போனவர், கடையையே காலி பண்ணிவிட்டுப் போய்விட்டார். முழுப் பணமும் கொடுத்து வாங்கிய சாமான். யாரைப் போய்க் கேட்பது?

கடைக்காரரோடு மாட்டிக் கொடுக்க வந்திருந்த ஆள் மட்டும் வழியில் பார்த்தபோது ஒரு விஷயம் சொன்னான். "இந்தப் புரோகிராம் தேதியைப் பார்த்துத்தான் நடக்கும். கெடு தாண்டின தேதியை அது ஒரு தடவைகூடக் கண்ணால பார்க்கக் கூடாது. பார்த்துச்சோ, படுத்துரும். அப்புறம் எழுப்ப முடியாது." அன்றிலிருந்துதான் தேதியைத் தள்ளுவது. வாரத்துக்கு ஒரு தரம் தள்ளினாலே போதும். மாமாவுக்கு மனசு கேட்காது. பஸ் டிரைவராக இருந்தவர். வண்டி எடுக்கும் முன் பிரேக் பார்ப்பது மாதிரி தினமும் தள்ளுவார்.

"நம்ம வீட்டுல வயசாகாத ஆள் இது ஒண்ணுதான்" என்று அக்கா கம்ப்யூட்டரைத் தட்டிச் சொல்வாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்காரர்கள் கல்லைப் போட்டார்கள்.

அக்காவுக்கு வருகிற வேலையில் பெரும்பங்கு ஆஸ்பத்திரிக் கோட்டு. அங்கே துணி ஸ்டோரைப் பார்க்கிற அம்மா போன் பண்ணிப் பெயர்களைச் சொல்லும், அக்கா எழுதிக்கொள்வாள். வருஷக்கணக்காக இதுதான் வழக்கம். திடீரென்று அந்த அம்மா, "இனிமே போன் கிடையாதும்மா, எல்லாம் வெப்சைட்லதான். பெயர் அதுல வரும். நீங்க பார்த்து 'சரி'ன்னு அமுக்கினாத்தான் கோட்டை வெளிய அனுப்பவே என்னை விடும். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள அமுக்கலைன்னா வேற ஆளுக்குத் தானாப் போயிரும். என் கையில ஒண்ணும் இல்ல" என்றது.

அக்கா கம்ப்யூட்டரில் வெப்சைட்டைத் திறந்தாள். 'உங்கள் பிரவுசர் மிகவும் பழையது. அப்டேட் செய்யவும்' என்று வந்தது. அப்டேட்டை அமுக்கினாள். 'இந்தக் கம்ப்யூட்டருக்குப் புதிய பதிப்பு கிடையாது' என்று வந்தது. இவன் அவனைக் கேள் என்கிறான், அவன் கதவைச் சாத்துகிறான். மாமாவின் போனில் திறந்து பார்த்தார்கள். பெயரெல்லாம் காட்டியது. 'சரி' பட்டன் வரவேண்டிய இடத்தில், 'கம்ப்யூட்டரில் திறக்கவும்' என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை எனக்கு போன் வந்தது. "டேய், கொஞ்சம் வந்துட்டுப் போடா."

"அக்கா, நான் வெல்டிங் அடிக்கிறவன். கம்ப்யூட்டரைப் பத்த வைக்கத்தான் தெரியும்."

"அதுக்குத்தான் கூப்பிடறேன். வா."

போனேன். முன்னறை எப்போதும் போல இருந்தது. ஜன்னல் பக்கம் மிஷின், அதன் தலையில் வரிசையாக நூல் கண்டு, கீழே வெட்டிய நூலும் துணித் துணுக்கும். எதிர்ச் சுவரில் அந்தக் கம்ப்யூட்டர், ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்தது, இப்போது பழைய பல் நிறம். மாமா நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மாப்ளே. உங்க அக்காகிட்ட எடுத்துச் சொல்லுங்க. மிஷினைக் கொடுத்துட்டுப் பையன் வீட்டுக்குப் போயிடலாம்னு எத்தனை நாளாச் சொல்றேன். ஆஸ்பத்திரி வேலை போனா என்ன மிச்சம் இருக்கு?"

"போகட்டும், அப்பப் பார்க்கலாம்னு சொன்னேன். இன்னும் போகலையே" என்றாள் அக்கா.

இதுதான் விஷயமே. ஆஸ்பத்திரி வேலை போனால் மிஷினைத் தள்ளிவிட்டுப் பையன் வீட்டோடு போய்விடுவது என்று கோபத்தில் ஒரு நாள் அக்கா ஒத்துக்கொண்டிருந்தாள். மாமா அதைப் பிடித்துக்கொண்டார். அவருக்குப் பேரப் பிள்ளைகளோடு இருக்க ஆசை, தப்பில்லை. அக்கா ஒரு தடவை அங்கே போய்த் தங்கிப் பார்த்தாள். மாடி வீடு. மருமகள் நல்ல பெண், ஒரு வேலை செய்ய விடமாட்டாள். அக்கா காய்ந்த துணியை மடித்து வைத்துவிட்டு, மடித்ததையே பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாளாம். "தங்கமாத்தான் பார்த்துக்கிட்டாங்கடா. எனக்குத்தான் கையை எங்க வச்சுக்கறதுன்னே தெரியல" என்று திரும்பி வந்து என்னிடம் சொன்னாள்.

நானும் உட்கார்ந்து என் பங்குக்கு அமுக்கிப் பார்த்தேன். இரும்பு என்றால் எனக்குப் புரியும். வளையவில்லையா, சூடு காட்டு. இது என்ன செய்தாலும் அதே பெட்டியைக் காட்டி, மரியாதையாக, 'மன்னிக்கவும்' என்கிறது. மன்னிப்புக் கேட்கிறவனை எப்படி அடிப்பது? வேறொரு பிரவுசரை இறக்கினால் பாதியில் நின்றது. இன்னொன்று முழுசாக இறங்கி, திறக்கப் போனால், 'இது இந்தக் கம்ப்யூட்டருக்கானது அல்ல'. அதை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன? இறங்குகிற வரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்ததா?

"மேஜையைக் குத்தாதடா, நூல் பாபின் எல்லாம் உருளுது" என்றாள் அக்கா.

சனிக்கிழமை காலையில் எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் ரிப்பேர்காரரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கடை ஷட்டர் இறங்காமல் மக்கர் பண்ணியபோது நான் போய்ப் பற்ற வைத்துக் கொடுத்திருக்கிறேன். நல்ல மனுஷன். கம்ப்யூட்டரைச் சுற்றி வந்து பார்த்தார்.

"அக்கா, உள்ளதைச் சொல்றேன். புது பிரவுசர் வேணும்னா புது விண்டோஸ் போடணும். புது விண்டோஸை இது தாங்காது. தாங்கினாலும் உங்க எம்பிராய்டரி புரோகிராம் அதுல ஓடாது. இன்னொரு கம்ப்யூட்டர் வாங்கிக்கிறதுதான் வழி."

"இன்னொண்ணு வாங்கற நிலைமையில இருந்தா உங்களை ஏன் தம்பி கூப்பிடறேன்?"

அவர் தாடையைத் தடவினார். "ஒண்ணு இருக்கு. பழைய கம்ப்யூட்டர்காரங்களுக்குன்னே சில பேர் சும்மா உட்கார்ந்து ஒரு பிரவுசரைப் புதுப்பிச்சுக்கிட்டே இருக்காங்க. போட்டுப் பார்க்கலாம். ஓடினா நம்ம அதிர்ஷ்டம்."

"எதை வேணா போடுங்க. தேதியை மட்டும் தொட்டுராதீங்க."

"ஏன், தேதிக்கு என்ன?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. எங்களுக்குத்தான்" என்றார் மாமா.

ரிப்பேர்காரர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். பென் டிரைவைச் சொருகி ஏற்றினார். ஏறியது. ஒரு தரம் அணைத்துப் போடச் சொன்னது. அது அணைந்து எழுந்திருப்பதற்குள் அவர் கடையிலிருந்து நாலு தடவை கூப்பிட்டுவிட்டார்கள். "எழுந்ததும் திறந்து பாருங்க, ஏதாச்சும்னா போன் பண்ணுங்க" என்று கிளம்பிப் போய்விட்டார். வந்தவரைச் சும்மா அனுப்புகிறோமே என்று அக்கா டீ போட அடுக்களைக்கு ஓடினாள், அதற்குள் அவர் தெருமுனை தாண்டிவிட்டார். நான் வாசலில் நின்று பட்டறைக்கு போன் பேசிக்கொண்டிருந்தேன்.

உள்ளே மாமா தனியாக. கம்ப்யூட்டர் எழுந்தது. புது பிரவுசரைத் திறந்து ஆஸ்பத்திரி வெப்சைட்டை அடித்தார். பெரிய எழுத்தில் வந்ததாம்: 'உங்கள் கடிகாரம் பின்தங்கியுள்ளது.'

மாமாவைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பஸ் ஓட்டிய காலமெல்லாம் நேரம் தவறாத மனுஷன். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தல்காரனுக்கு முன்னால் போய் நிற்பார். அவரைப் பார்த்துக் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று சொன்னால் பொறுப்பாரா?

"என்னைப் பார்த்து! லேட்டுன்னு!" என்று உள்ளே சத்தம் கேட்டது. நான் காதில் வாங்கவில்லை. அவர் கணக்கு என்னவென்றால், எம்பிராய்டரி புரோகிராம் மூடித்தானே இருக்கிறது, அது எங்கே பார்க்கப்போகிறது, தேதியைச் சரியாக வைத்து இந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பத் தள்ளிவிடலாம். தள்ளினார், இந்தத் தடவை முன்னால். அத்தனை வருஷத்தையும் ஒரே தாவாகத் தாண்டி, கம்ப்யூட்டர் இன்றைய தேதிக்கு வந்து நின்றது.

வெப்சைட் திறந்தது!

"வந்துருச்சு! ஏய், வந்துருச்சு!" மாமா போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அக்கா டீக் கரண்டியோடு ஓடிவந்தாள். நானும் போனை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனேன். திரையில் வரிசையாகப் பெயர்கள், கீழே பச்சையாக 'சரி' பட்டன். அக்கா கரண்டியை மாமா கையில் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"முதல்ல ஒரு பேரைப் போட்டு, கோட்டுப் பாக்கெட்டுக்கு மேல அடங்குதான்னு பார்த்துக்கறேன். அப்புறம் 'சரி' அமுக்கறேன்" என்றாள். அது அவள் வழக்கம். தைக்க முடியும் என்று கண்ணால் பார்க்காமல் எந்த வேலைக்கும் தலையாட்ட மாட்டாள். கை அது பாட்டுக்கு எம்பிராய்டரி புரோகிராமைத் திறந்தது. காலையில் மாமா தேதியைத் தள்ளி, "ஆச்சு" என்று சொன்னது அவள் காதில் விழுந்ததுதானே, அவள் ஏன் மூலையைப் பார்க்கப்போகிறாள்?

மாமா, "இரு இரு இரு" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அது திறந்துவிட்டது. திறந்து, பார்க்கக் கூடாததைப் பார்த்து, 'உரிமக் காலம் முடிந்தது' என்று ஒரு பெட்டியைக் காட்டி மூடிக்கொண்டது.

கரண்டியிலிருந்து டீ சொட்டுகிற சத்தம் கேட்டது.

தேதியைப் பின்னால் தள்ளினோம். அணைத்துப் போட்டோம். இன்னும் பின்னால் தள்ளினோம், பையன் பிறக்காத வருஷம் வரைக்கும். அதே பெட்டி. ரிப்பேர்காரருக்கு போன் போட்டால், "அண்ணே, அது ஒரு தடவை பார்த்துருச்சுன்னா உள்ள எழுதி வச்சுக்கும். நான் வந்தாலும் இதே கதைதான். தேதியைத் தொடாதீங்கன்னு அந்த அக்காதானே என்கிட்ட சொன்னாங்க?" என்றார். அவர் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. திட்ட ஒரு ஆள்கூட அமையவில்லை.

அக்காவுக்கு அமைந்தார்.

"வேணும்னே பண்ணிட்டீங்க."

"ஏய், என்ன பேசற?"

"பையன் வீட்டுக்குப் போகணும்னு வேணும்னே பண்ணிட்டீங்க. தினமும் தள்ளற ஆளுக்குத் தெரியாதா? அதை எழுப்பிட்டு நீங்களே படுக்க வச்சுட்டீங்க."

மாமா கரண்டியை மேஜைமேல் வைத்தார். "உன் தலைமேல சத்தியமா திரும்பத் தள்ளத்தான் இருந்தேன். அது வந்த சந்தோஷத்துல..." என்றார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூடப் பிறந்தவள் அழும்போது பார்க்கிற மாதிரி முகம் எனக்குக் கிடையாது. நல்லவேளை அவள் அழவில்லை. மூக்கை உறிஞ்சிவிட்டு மிஷின் பக்கம் போனாள்.

திரையில் அந்தப் பக்கம் இன்னும் திறந்துதான் இருந்தது. பெயர்கள், பச்சைப் பட்டன். சாயங்காலத்துக்குள் அமுக்க வேண்டும். அமுக்கிவிட்டு எதை வைத்துத் தைப்பது?

மிஷினின் குட்டித் திரையில் அக்கா கட்டைவிரலால் தூசியைத் துடைத்தாள். நாலு பட்டனில் ஒன்றை அமுக்கினாள். 'டிக்' என்றது. அம்புக்குறி பட்டன், ஒரு எழுத்து நகர்ந்தது. மறுபடி அமுக்கினாள்.

"என்ன பண்ற?" என்றேன்.

"இதுக்குள்ள எழுத்து இருக்குல்ல. பல்லு விழுந்தது."

"அதை வச்சா?"

"அதை வச்சுத்தானே ஆரம்பிச்சேன்."

துண்டுத் துணியை வளையத்தில் மாட்டி, அடியில் விறைப்புத் துணி கொடுத்து, ஒரு பெயரை எழுத்து எழுத்தாக அமுக்க ஆரம்பித்தாள். கண்ணாடியைப் போட்டால் நூல் தெரிகிறது, திரை தெரியவில்லை. கழற்றினால் திரை தெரிகிறது, பட்டன் தெரியவில்லை. ஒரு எழுத்தைத் தாண்டிப் போய்விட்டாள். அந்த மிஷினில் பின்னால் வர முடியாது, முழுச் சுற்றும் சுற்றித்தான் வரவேண்டும். "சனியனே" என்றாள். மறுபடி தாண்டினாள்.

மாமா எழுந்து வந்தார். அவள் கையை விலக்கிவிட்டு, குனிந்து நின்றுகொண்டு பட்டன்மேல் விரலை வைத்தார்.

"எந்த எழுத்துன்னு சொல்லு."

"நீங்க ஒண்ணும் தொட வேண்டாம்."

"சொல்லுன்னா. ஒன்வே ரோட்டுல வண்டி ஓட்டினவன்டி நான். ஸ்டாப் தாண்டாம நிறுத்தத் தெரியும்."

அக்கா கம்ப்யூட்டர் திரையில் இருந்த பெயரைப் பார்த்தாள். அப்புறம் எழுத்தைச் சொன்னாள். டிக் டிக் டிக் என்று போய்ச் சரியாக நின்றது. அடுத்தது. அடுத்தது. மிஷின் தடதடவென்று தைத்தது. எழுத்து கோணல் இல்லை, அழகும் இல்லை. துணியைப் படம் எடுத்து ஸ்டோர் அம்மாவுக்கு அனுப்பிவிட்டு மூன்று பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த அம்மா கூப்பிட்டது.

"என்னம்மா, எழுத்து மாறியிருக்கு?"

"புதுசு" என்றாள் அக்கா, கண்ணை இமைக்காமல்.

"தூரத்துல இருந்து படிக்க முடியுதே. முன்னாடி இருந்த வளைஞ்ச எழுத்தை டாக்டருங்களே எழுத்துக்கூட்டித்தான் படிச்சாங்க. இதையே போடுங்க."

அக்காவுக்கு அந்தப் பாராட்டு பிடிக்கவில்லை. வளைந்த எழுத்து அவள் பிரியப்பட்டுப் பொறுக்கியது. ஆனாலும் நாற்காலியில் போய் உட்கார்ந்து பச்சைப் பட்டனை அமுக்கினாள். சக்கரம் சுற்றியது, சுற்றியது, திரை வெள்ளையாகப் போனது. எனக்கு மறுபடியும் மேஜையைக் குத்தலாமா என்று வந்தது. பிறகு 'ஏற்கப்பட்டது' என்று வந்தது. அக்கா நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "எங்க போறதாச் சொன்னீங்க?" என்று மாமாவைக் கேட்டாள். அவர் விறைப்புத் துணியை அளந்து வெட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது அந்த வீட்டில் தேதியைத் தள்ளுகிற வேலை இல்லை. கம்ப்யூட்டர் எல்லாரையும் போல இன்றைய தேதியில் இருக்கிறது, பெயர்களைக் காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. அக்கா எழுத்தைச் சொல்ல, மாமா பட்டனை அமுக்குகிறார். முன்னால் ஒரு காலை வேளையில் முடிந்த வேலை இப்போது நாள் முழுக்க இழுக்கிறது. இரண்டு பேரும் வாய் ஓயாமல் சண்டை போடுகிறார்கள். "சொன்னதை அமுக்குங்க." "நீ வாய்க்குள்ளயே சொன்னா எனக்கு என்ன ஜோசியமா தெரியும்?" ஒரு நர்சின் பெயரில் எழுத்து ஒன்று கூடுதலாக விழுந்து, அந்தக் கோட்டைப் பிரித்துத் தைத்தார்கள். பிரிக்கும்போதும் சண்டை. பள்ளிக்கூட லீவுக்குப் பேரப் பிள்ளைகள் இங்கே வரட்டும் என்று பையனுக்குச் சொல்லியாகிவிட்டது.

போன வாரம் பட்டறையிலிருந்து வரும் வழியில் எட்டிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் திரையின் மேல் ஓரத்தில், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, விறைப்புத் துணியைப் பட்டையாக வெட்டி டேப் போட்டு ஒட்டியிருந்தது.

"இது என்ன மாமா, கம்ப்யூட்டருக்குத் தலைவலியா?"

"தூக்கிப் பாருங்க மாப்ளே."

தூக்கினேன். உள்ளே மஞ்சளாக ஒரு வரி: 'உங்கள் பிரவுசரை விரைவில் அப்டேட் செய்ய வேண்டியிருக்கும்.'

"என்னைக்குன்னு போட்டிருக்கா?" என்றேன்.

"போடல" என்றாள் அக்கா மிஷினிலிருந்து தலை தூக்காமல். "போட்டா அப்பப் பார்த்துக்கலாம். மூடுடா அதை. என்னங்க, அடுத்த எழுத்து."